அம்மாவுக்குப் பாட்டுல வார்த்தை புரியோணும்னா ஸ்லைடர ஏத்தாதீங்க, எறக்குங்க

கேள்வி: அண்ணா வணக்கம். நமக்கு வேலந்தாவளம் பக்கம், எளநி யாவாரம். போன வருசம் பழைய செடான் கார் ஒண்ணு வாங்கினேன். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, முன் கதவுல ஆறரை இன்ச் காம்பொனென்ட் ஸ்பீக்கர், பின் கண்ணாடிக்குக் கீழ 6க்கு 9 ஓவல், இது ரெண்டுக்கும் சேத்து ஒரு 4 சேனல் ஆம்ப், டிக்கியில 12 இன்ச் சப் (பாஸுக்குன்னே இருக்கற பெரிய ஸ்பீக்கர்) பொட்டியோட, அதுக்குத் தனி மோனோ ஆம்ப். மாட்டிக் குடுத்த சேட்டன் ஈக்வலைசர வளைவா வெச்சு பாஸ் பூஸ்ட ஃபுல்லா திருப்பி விட்டாரு, மொத வாரம் அடிபொளியா இருந்துச்சு. இப்ப கொரல் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, சத்தம் ஏத்துனா காது குத்துது, எந்தப் பாட்டுக்கும் பாஸ் ஒரே பூம்தான். பொள்ளாச்சி போய்ச் சேர்றதுக்குள்ள சப் நின்னுருது, கொஞ்ச நேரம் கழிச்சு தானா வருது. அம்மா பின்னாடி உக்காந்தா தலை வலிக்குது, ஒரு வார்த்தையும் புரியலைங்கறாங்க. டிஎஸ்பின்னு சத்தத்தத் திருத்தற தனிப் பொட்டி போட்டா சரியாயிரும், 18,000 ஆகும்னு இன்னொரு கடையில சொல்றாங்க. போடலாமாண்ணா? செட்டிங் போட்டோ எல்லாம் அனுப்பியிருக்கேன்.

வணக்கம் தம்பி. அந்த 18,000 ரூபாய எடுக்காதீங்க, அப்பிடியே இருக்கட்டும். உங்க வண்டியில இருக்கற சாமான் போதும், நெசமாவே போதும். ஒரு வெடியால நேரமும், 300 ரூபா மல்டிமீட்டரும், டிக்கி பக்கம் நிக்கறதுக்கு ஒரு கூட்டாளியும் இருந்தா நீங்க எழுதுன அஞ்சு கொறையில நாலு தீந்துரும், அஞ்சாவது அந்த சப் நின்னு போறது, அதுக்கும் காரணம் பாதி இதுலயேதான் இருக்குது, மீதி வயரிங்ல இருக்கலாம், அதக் கடைசில சொல்றேன்.

நீங்க சித்தூர் தாலுக்காக்காரரு, நெம்மாறை வேல திருவிழாவுக்குப் போகாம இருக்க மாட்டீங்க. அங்க பஞ்சவாத்தியம் நடக்கறப்ப கொஞ்சம் தள்ளி நின்னு கண்ண மூடிக் கேட்டீங்கன்னா திமிலை தனி, மத்தளம் தனி, இடக்கை தனி, கொம்பு தனி, இலத்தாளம்ங்கற வெண்கலத் தாளம் ஜில்லுனு மேல தனியா நிக்கும், அத்தன பேரு சேந்து வாசிச்சாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிக்காது. ஏன்னா மத்தளக்காரர் இலத்தாளத்தோட வேலைய செய்யறதில்ல, அவ்வளவுதான். உங்க வண்டியில என்ன நடக்குதுன்னா கதவுல இருக்கற ஆறரை இன்ச்சும் பாஸ் அடிக்குது, பின்னாடி ஓவலும் பாஸ் அடிக்குது, சப்பு பாதிக் கொரல பாடிட்டு இருக்குது, மூணு பேரும் ஒரே வேலைய செய்யறாங்க, கொரல எடுத்துக் குடுக்க ஆளில்ல. இத ஈக்வலைசர வெச்சு சரி பண்ணவே முடியாது. மொதல்ல வேலையப் பிரிச்சுக் குடுக்கோணும், அதுதான் கிராஸ்ஓவர். அடுத்து கெயின். ஈக்வலைசர் எல்லாத்துக்கும் கடைசிதான், ஆனா நம்மாளுங்க நூத்துக்குத் தொண்ணூறு பேரு மொதல்ல போய்க் கைய வெக்கறது அதுலதான்.

ஹெர்ட்ஸ் நம்பர் கம்மின்னா பாஸ், ஜாஸ்தின்னா கூர்மையான சத்தம். போட்டோல பாத்தேன், 62 ஹெர்ட்ஸ் ஸ்லைடர் ப்ளஸ் 9ல நிக்குது, 16,000மும் ப்ளஸ் 9, நடுவுல 500, 1,000, 2,000 மூணும் மைனஸ் 4. மனுசக் கொரலோட தெளிவு, அதாவது எந்த எழுத்துன்னு காது கண்டுபிடிக்கறது, முக்காவாசி இந்த நடுப்பக்கத்துலதான் இருக்குது, அதப் போயி எறக்கி வெச்சுட்டு ரெண்டு பக்கமும் ஏத்துனா அம்மாவுக்கு எப்பிடி வார்த்தை புரியும். கடையில அஞ்சு நிமிசம் கேக்கறப்ப இந்த வளைவு எல்லாத்துக்கும் பிடிச்சுப் போயிரும், அதுக்கு ஒரு காரணமும் இருக்குது, சத்தம் கம்மியா இருக்கறப்ப நம்ம காதுக்கு பாஸ் சரியா ஏறாது, 1933லயே பெல் லேப்ஸ்ல இருந்த ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு இத அளந்து எழுதிட்டாங்க. அதனால மெல்லமா கேக்கறப்ப வளைவு நல்லாருக்கற மாதிரி தெரியுது, கோபாலபுரம் தாண்டி ரோடு நல்லா வந்ததும் சத்தத்த ஏத்துவீங்க இல்லைங்களா, அப்ப பாஸும் குத்தலும் மேல வந்து கொரல அமுக்கிரும். ஸ்டீரியோல லவுட்னஸ்னு ஒரு பட்டன் இருந்தா அதும் இதே வேலையத்தான் செய்யுது, அணைச்சிருங்க.

இன்னொரு கணக்கும் தெரிஞ்சுக்கோணும். 3 டெசிபல் ஏத்துனா ஆம்ப் ரெண்டு மடங்கு பவர் குடுக்கோணும், 6 ஏத்துனா நாலு மடங்கு, 9க்கு எட்டு மடங்கு, 12க்கு பதினாறு மடங்கு. உங்க ஸ்லைடர்ல 9, மோனோ ஆம்ப்ல பாஸ் பூஸ்ட் திருகு ஃபுல்லா இருக்குது, அது பக்கத்துல 12னு அச்சடிச்சிருக்குது. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சேர்ற எடத்துல எட்டப் பதினாறால பெருக்குங்க, 128. 2 வாட்ல முடிய வேண்டிய ஒரு அடிக்கு 256 வாட் கேக்கறீங்க, உங்க ஆம்ப்போ மொத்தமே 4 ஓமுக்கு 250 வாட் (ஓம்ங்கறது ஸ்பீக்கர் கரண்ட்ட எதிர்க்கற அளவு). குடுக்க முடியாதப்ப அது என்ன பண்ணும், அலையோட தலைய வெட்டி மட்டமா அனுப்பும், அதத்தான் கிளிப்பிங்னு சொல்றோம், அந்த மட்டத் தலைதான் உங்களுக்கு எல்லாப் பாட்டுலயும் ஒரே பூமா கேக்குது, ஆம்ப்பும் சப்புக்குள்ள இருக்கற கம்பிச் சுருளும், அதான் காயில், கொதிச்சுப் போயிருது.

சரி, வேலைய ஆரம்பிக்கலாம். வெடியால 6 மணிக்கு வண்டிய தோப்புக்குள்ள எங்கியாவது நிறுத்துங்க, கண்ணாடி நாலும் ஏத்திருங்க, எஞ்சின் ஓடட்டும். எஞ்சின் ஓடறப்ப கரண்ட் 13.8ல இருந்து 14.4 வோல்ட் இருக்கும், அணைச்சுட்டா 12.6க்கு எறங்கிரும், ஆம்ப் குடுக்கற பவரும் கூடவே எறங்கிரும், நீங்க ஓட்டறப்பத்தான பாட்டு கேக்கறீங்க, அதனால அந்த நெலமையிலயே அளக்கோணும். ஈக்வலைசர் எல்லா ஸ்லைடரும் ஜீரோ. பாஸ் பூஸ்ட் ஜீரோ. ஆம்ப்ல மூணு கெயினும் முழுசா எறக்கம். மொத்தத்துல வண்டிய வெறுமையாக்கிருங்க, மொதல்ல கேக்கறப்ப சப்புனு இருக்கும், பயப்படாதீங்க.

இப்ப கிராஸ்ஓவர். எச்பிஎஃப்னா இந்த நம்பருக்குக் கீழ உள்ளத விடாதேன்னு அர்த்தம், எல்பிஎஃப்னா இந்த நம்பருக்கு மேல உள்ளத விடாதேன்னு அர்த்தம். முன் கதவு ஸ்பீக்கருக்கு எச்பிஎஃப் 80 ஹெர்ட்ஸ் வைங்க. பின்னாடி ஓவலுக்கு எச்பிஎஃப் 100. சப்புக்கு எல்பிஎஃப் 80. ஏன் கதவு ஸ்பீக்கர 80க்குக் கீழ விடக்கூடாதுன்னா, ஒரு ஸ்பீக்கர் அதே சத்தத்த ஒரு ஆக்டேவ் கீழ, அதாவது பாதி ஹெர்ட்ஸ்ல குடுக்கோணும்னா அதோட கோன், அந்த முன்னாடி ஆடற கூம்பு, நாலு மடங்கு முன்ன பின்ன ஓடோணும். 80ல 1 மில்லிமீட்டர் ஆடறது 40ல 4 மில்லிமீட்டர் ஆடும். அந்தச் சின்ன கோன் அப்பிடிக் குதிச்சுட்டே கொரலையும் பாடோணும்னா கொரல் நடுங்கத்தான் செய்யும். 40க்காக அது படற பாட்ட நீங்க எடுத்துட்டீங்கன்னா அன்னிக்கே கொரல் பளிச்சுனு வந்துரும், என்கிட்ட வர்ற வண்டிகள்ல வேற ஒண்ணும் செய்யாம இத மட்டும் செஞ்சுட்டு, ஏண்ணா ஸ்பீக்கர் மாத்துனீங்களான்னு கேட்டவங்க உண்டு.

சப்ப ஏன் 80ல நிறுத்தறதுன்னா, அதுக்குக் கீழ உள்ள சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு காதுக்கு லேசுல தெரியாது. 80ல நிறுத்துனா டிக்கியில அடிக்கற பாஸ் டேஷ்போர்டுல இருந்து வர்ற மாதிரி இருக்கும், 150 வரைக்கும் விட்டீங்கன்னா ஆம்பளைக் கொரலோட அடிப்பகுதி பின்னாடி இருந்தும் மேல்பகுதி முன்னாடி இருந்தும் வரும், கொரல் போர்வைக்குள்ள இருக்குதுன்னு எழுதியிருந்தீங்கல்ல, அதுல ஒரு பங்கு இது. உங்க போட்டோல எல்பிஎஃப் திருகு முக்கால் திருப்பத்துல நிக்குது, அது 80 இல்ல தம்பி, 150க்கும் மேல இருக்கும்.

ஸ்லோப்னு ஒரு செட்டிங் இருக்கும், வெட்டு எவ்வளவு செங்குத்தா எறங்கோணும்ங்கறது அது, 12ஆ 24ஆன்னு கேக்கும். 12 டெசிபல்னா 80ல வெட்டுனது 40ல பதினாறுல ஒரு பங்கா எறங்கியிருக்கும், 24னா 256ல ஒரு பங்கு. ரெண்டு பக்கமும் 24 வைங்க, லிங்க்விட்ஸ் ரைலின்னு வகை கேட்டா அதையே எடுங்க. இது எச்பி கம்பெனில வேலை பாத்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி ரெண்டு பேரு பேருல வந்தது, 1976ல லிங்க்விட்ஸ் எழுதி வெளியிட்டாரு. இதோட அழகு என்னன்னா, வெட்டுற எடத்துல ரெண்டு ஸ்பீக்கரும் தலா 6 டெசிபல் எறங்கி நிக்கும், ரெண்டும் சேர்றப்ப மேடும் இல்லாம பள்ளமும் இல்லாம சமமா வரும்.

இங்கதான் ஒரு தப்பு நடக்கும், உங்க வண்டியிலயும் நடந்திருக்குது. ஸ்டீரியோலயும் ஃபில்டர் போட்டிருக்கு, ஆம்ப்லயும் போட்டிருக்கு. ரெண்டு தடவ வெட்டுனா வெட்டு ரெண்டு மடங்கு செங்குத்தாயிரும், சப்புக்கும் கதவுக்கும் நடுவுல குழி விழுந்துரும். ஸ்டீரியோல ஹெர்ட்ஸ் நம்பர் சரியா திரையில தெரியுது, ஆம்ப் திருகு கண் மதிப்புதான், அதனால ஸ்டீரியோல வெச்சுட்டு 4 சேனல் ஆம்ப் ஃபில்டர் சுவிட்ச ஃபுல்லுக்கு, அதாவது வெட்டாத பக்கத்துக்கு, தள்ளிருங்க, மோனோ ஆம்ப்ல அணைக்க சுவிட்ச் இல்லாட்டி எல்பிஎஃப் திருகக் கடைசி வரைக்கும் மேல ஏத்தி விட்டுருங்க, வழிய மறிக்காம ஒதுங்கி நிக்கட்டும்.

சப்சானிக்னு ரொம்பக் கீழ் சத்தத்த வெட்டற ஒரு திருகு மோனோ ஆம்ப்ல இருக்குது பாருங்க. உங்க பொட்டியில குழாய் ஓட்டை இருந்தா இது முக்கியம், ஏன்னா அந்தப் பொட்டிய எந்த ஹெர்ட்ஸுக்கு செஞ்சாங்களோ அதுக்குக் கீழ போனா காத்து கோனப் பிடிச்சு நிறுத்தாது, கோன் கண்டபடி ஆடும். பொட்டி 35க்கு செஞ்சதுன்னா சப்சானிக் 30ல வைங்க. மூடுன பொட்டின்னா 20, 25ல விட்டாப் போதும்.

ட்வீட்டர், அதான் மேல் சத்தம் பாடற சின்ன ஸ்பீக்கர், அதப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகோணும். காம்பொனென்ட் செட்டோட வந்த சின்னப் பொட்டி, பேஸிவ் கிராஸ்ஓவர், டேஷ்போர்டுக்குக் கீழ தொங்கறது போட்டோல தெரியுது, அதக் கழட்டிட்டா இன்னும் க்ளியரா வரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு அண்ணன் வண்டிக்கு அப்பிடித்தான் பொட்டிய எடுத்துட்டு ட்வீட்டர நேரா ஆம்ப்ல குடுத்து ஸ்டீரியோ ஃபில்டர நம்பி விட்டேன், அருமையா பாடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அவரு பேட்டரி மாத்தியிருக்காரு, ஸ்டீரியோ மெமரி அழிஞ்சு ஃபில்டர் எல்லாம் அணைஞ்சிருச்சு, அவருக்குத் தெரியாது, வழக்கம் போலப் பாட்டப் போட்டிருக்காரு. என்கிட்ட கொண்டாந்தப்ப ட்வீட்டரப் பிரிச்சுப் பாத்தேன், காயில் கம்பி தலைமுடி மொத்தம்தான் இருக்கும், ஒரு எடத்துல கருகி அறுந்து, அந்தப் பட்டுத் துணி டோம் ஓரத்துல பழுப்புக் கறை, மூக்குல வெச்சா வார்னிஷ் கருகுன வாசம். அந்த ரெண்டு ட்வீட்டரும் என் கைக்காசுல வாங்கிக் குடுத்தேன், வாங்கிக் குடுத்தும் மனசு ஆறல, ஏன்னா நாலு காசு விலைக்கு ஒரு கெப்பாசிட்டர் வரிசையில போட்டிருந்தா அது பொழச்சிருக்கும். 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டா 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும், 4.7 போட்டா 8,500 பக்கம். உங்க பேஸிவ் பொட்டிக்குள்ள கெப்பாசிட்டரும் காயிலும் கணக்காத்தான் வெச்சிருக்காங்க, விட்டுருங்க. அதுல ட்வீட்டர் பக்கம் 0, மைனஸ் 3னு ஒரு ஜம்பர் இருக்கும், அத மட்டும் மைனஸ் 3க்கு மாத்துங்க, காது குத்தறது அதுலயே கொஞ்சம் கொறையும்.

அடுத்து கெயின். கெயின்ங்கறது வால்யூம் இல்ல, இத முக்கால்வாசிப் பேரு தப்பா நெனைக்கறாங்க. ஸ்டீரியோ குடுக்கற சிக்னலும் ஆம்ப் வாங்கிக்கற சிக்னலும் ஒரே மட்டத்துல பொருந்தறதுக்கு உண்டானது அது. ஸ்டீரியோ வால்யூம் 40 வரைக்கும் போகுதுன்னா 30ல வைங்க, அதுக்கு மேல நெறைய ஸ்டீரியோ தானே கிளிப் ஆகிரும். ஆம்ப்ல இருந்து ஸ்பீக்கர் வயரக் கழட்டிருங்க, மறக்காம கழட்டுங்க, இல்லாட்டி டெஸ்ட் டோன் ஸ்பீக்கர் மேலயே போயி விழும். பென்டிரைவ்ல 0 டெசிபல் (ஃபைல்ல போகக்கூடிய முழு அளவு) டோன் ரெண்டு ஏத்திக்குங்க, சப்புக்கு 50 ஹெர்ட்ஸ், முன் ஸ்பீக்கருக்கு 200 ஹெர்ட்ஸ். எல்லாரும் 1,000 ஹெர்ட்ஸ்னு சொல்லுவாங்க, ஆனா வெலை கம்மி மீட்டருக்கு 400 ஹெர்ட்ஸுக்கு மேல ஏசி வோல்ட் அளவு தப்பாக் காட்ட வாய்ப்பிருக்குது, 200ல நம்பி அளக்கலாம். மீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு ஆம்ப்போட ஸ்பீக்கர் முனையில புடிங்க. எத்தன வோல்ட் வரைக்கும் ஏத்தறதுங்கறதுக்கு வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கோணும். உங்க 4 சேனல் ஒரு சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்கற நெசமான பவர்), ஸ்பீக்கர் 4 ஓம், 200க்கு வர்க்கமூலம் 14.1, கெயின மெதுவா ஏத்தி 14 வந்ததும் நிறுத்திருங்க. சப் 250 வாட் 4 ஓம்னா 1,000க்கு வர்க்கமூலம், 31.6. டப்பா மேல பெருசா 1,200 வாட்னு போட்டிருப்பாங்க, அத வெச்சுக் கணக்குப் போடாதீங்க, ஆர்எம்எஸ்னு எழுதுன நம்பர் மட்டும்தான் கணக்கு.

வயர மாட்டிட்டு, இப்ப கூட்டாளிய டிக்கிக்கு அனுப்புங்க. நீங்க ஓட்டற சீட்டுல, நேரா ரோட்டப் பாத்து உக்காருங்க, 80 ஹெர்ட்ஸ் டோன நடுத்தர சத்தத்துல விடுங்க, அவரு மோனோ ஆம்ப்ல ஃபேஸ் சுவிட்ச 0, 180னு மாத்தி மாத்திப் போடட்டும். ஒரு பக்கம் போடறப்ப சத்தம் நெஞ்சுல வந்து நிக்கும், இன்னொரு பக்கம் யாரோ உறிஞ்சு எடுத்த மாதிரி காணாமப் போகும். சத்தமா இருக்கறது எதுவோ அதுலயே விட்டுருங்க. கதவும் சப்பும் ஒண்ணு வெளிய தள்றப்ப இன்னொண்ணு உள்ள இழுத்தா 80 பக்கம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும், அப்பிடி அழியறத பாஸ் பத்தலைன்னு நெனச்சு பூஸ்ட் ஏத்தற வண்டிகள் ரொம்ப. ஒரு சுவிட்ச், காசில்லாத வேலை, இதப் பாத்த பின்னாடி சப்போட கெயின இன்னும் எறக்கலாம்னு உங்களுக்கே தோணும்.

டைம் அலைன்மென்ட் உங்க ஸ்டீரியோல இருக்குது, போட்டோல பாத்தேன், யாரும் தொடல. நமக்கு ஓட்டற சீட்டு வலது பக்கம், வலது கதவு ஸ்பீக்கர் காதுக்குக் கிட்ட, இடது தூரம். டேப்ப வெச்சு காதுல இருந்து ரெண்டுக்கும் அளங்க. வலது 90 சென்டிமீட்டர், இடது 140னு வந்துச்சுன்னா வித்தியாசம் 50. சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும், 50ஐ 34ஆல வகுத்தா 1.5 பக்கம், கிட்ட இருக்கற வலது ஸ்பீக்கர அத்தன மில்லிசெகண்டு தாமதப்படுத்துங்க. பாடறவங்க வலது கதவுல இருந்து எந்திரிச்சு டேஷ்போர்டுக்கு மேல நடுவுல வந்து நிப்பாங்க. மொத தடவ இதக் கேக்கறப்ப உடம்பு சிலிர்த்துரும், எனக்கு இன்னிக்கும் அப்பிடித்தான்.

இப்பத்தான் ஈக்வலைசர். ஏத்தறதுக்கு இல்ல, எறக்கறதுக்கு. 40, 50, 63, 80, 100, 125ன்னு டோன் ஒண்ணொண்ணா ஒரே வால்யூம்ல போடுங்க, எது மட்டும் தனியா எந்திரிச்சு முழங்குதோ அதுதான் உங்க பூம். காருக்குள்ள கொஞ்ச எடம், நாலா பக்கமும் மூடுன கூடு, கீழ் பாஸ் தானாவே ஏறும், அதனாலதான் வீட்டு ஸ்பீக்கர் மாதிரி காருல பாஸ ஏத்த வேண்டியதில்ல. உங்களுக்கு 63 பக்கமாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன், 62 ஸ்லைடர மைனஸ் 4 வரைக்கும் எறக்கிப் பாருங்க, பாஸ் கம்மியாகாது, ஒவ்வொரு பாட்டுக்கும் வேற வேறயா கேக்க ஆரம்பிக்கும், அதுதான் அடையாளம். இன்னொரு பக்கம், 125 பக்கம் ஒரு டோன் ரொம்ப மெலிஞ்சு கேட்டா ஏத்தாதீங்க, கண்ணாடியில மோதித் திரும்பற சத்தம் நேர் சத்தத்த அழிச்சா அந்தக் குழி வரும், நீங்க ஏத்த ஏத்த அழிக்கறதும் கூடவே ஏறும், ஆம்ப்தான் வீணா காயும். கொரல் கும்முனு இருந்தா 250ல 2, 3 எறக்குங்க. காது குத்துனா 4,000த்துல 2 எறக்குங்க, 2,000த்துல இருந்து 5,000 வரைக்கும்தான் நம்ம காது ரொம்பக் கூர்மை, கொஞ்சம் மாத்துனாலே தெரியும். ஸ, ஷ எழுத்து வர்றப்ப சீறுச்சுன்னா 8,000த்துல ஒரு 2. நடுவுல மைனஸ்ல கெடந்த மூணு ஸ்லைடர் ஜீரோலயே இருக்கட்டும்.

ஒண்ணு மாத்துனா பத்து நிமிசம் கேட்டுட்டு அடுத்தது மாத்துங்க. கேக்கறதுக்கு நல்ல ஃபைல் வேணும், ஃபார்வர்டு ஆகி ஆகி வந்த பாட்டு வேண்டாம், எஃப்எம்ல வெச்சும் ட்யூன் பண்ணாதீங்க, கோடை பண்பலை 100.5 எனக்கு உசுரு, ஆனா எஃப்எம்ல 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் வராது, அத வெச்சு ட்வீட்டர ஏத்துனீங்கன்னா பென்டிரைவ் போடறப்ப காது போயிரும். ஃபோன்ல நீங்களே புடிச்ச மேளம் வேண்டாம், நல்லா ரெக்கார்ட் ஆன பஞ்சவாத்தியம் ஒண்ணு, நாயனம் தவில் ஒண்ணு, வெறும் கொரலும் வீணையும் மட்டும் இருக்கற பாட்டு ஒண்ணு எடுத்துக்குங்க. நீங்க நேர்ல கேட்ட சத்தம் எப்பிடி இருந்துச்சுன்னு காதுக்கு ஞாபகம் இருக்குது, அந்த இலத்தாளம் தகரம் தட்டுன மாதிரி கேட்டா மேல் பக்கம் ஜாஸ்தி, வெண்கலமா நின்னு அடங்குச்சுன்னா சரி. தவில்ல வலந்தலையும் தொப்பியும் ரெண்டா பிரிஞ்சு கேக்கோணும், ஒண்ணாக் கலந்து டம் டம்முனு வந்தா 100ல இருந்து 250 வரைக்கும் எங்கயோ மிச்சம் இருக்குது.

அம்மா தலைவலிக்கு வர்றேன். செடான்ல அந்த 6க்கு 9 ஓவல் பின் சீட்டுக்காரங்க பின் மண்டைக்கு ஒரு முழம் தூரத்துல இருக்குது. நீங்க முன்னாடி உக்காந்து உங்களுக்குப் போதும்னு வெக்கற சத்தம் அவங்க காதுகிட்ட எவ்வளவுன்னு ஒருக்கா பின் சீட்டுல உக்காந்து பாத்திருக்கீங்களா தம்பி, பாருங்க. ஸ்டீரியோல முன் பின் சத்தத்தப் பங்கு வெக்கற ஃபேடர 5 புள்ளி முன்னாடி தள்ளுங்க, ஓவலோட கெயின அவங்க உக்காந்திருக்கறப்ப அவங்க சொல்றபடி வைங்க, ஓவல் பாடுதான்னு தெரியாத அளவுக்கு எறக்குனாலும் தப்பில்ல, கொரல் முன்னாடி இருந்து வந்து சேந்தாப் போதும். காதுக்கு 85 டெசிபல் நாளைக்கு 8 மணி நேரம்தான் தாங்கும்னு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிரும், 88க்கு 4 மணி, 94க்கு ஒரு மணி, 100க்கு கால் மணி நேரம். உங்க பழைய செட்டிங்ல பின் சீட்டுல 100 வந்திருக்கும்னா நான் ஆச்சரியப்பட மாட்டேன், பொள்ளாச்சிக்குக் கால் மணி நேரத்துலயா போறீங்க.

எல்லாம் முடிச்சுட்டு ரோட்டுல ஓட்டிப் பாருங்க. நிக்கற வண்டியில சரியா இருந்த பாஸ் ஓடறப்ப கொஞ்சம் மெலியும், டயர் எரைச்சல் முக்காவாசி கீழ் ஹெர்ட்ஸ்லதான் இருக்குது, அது பாஸ மூடிரும். நம்ம பக்கம் ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற, 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத எடத்துல வர்ற காத்து கதவு ரப்பர்ல விசில் அடிக்கும். அதுக்கு சப் லெவல மட்டும் ஸ்டீரியோல 2, 3 ஏத்திக்குங்க, ஈக்வலைசர் பக்கம் போகாதீங்க. ஓடறப்ப கரகரன்னு கேட்டா ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சுன்னு நெனைக்காதீங்க, மொதல்ல டிக்கியில பின் நம்பர் பிளேட்ட கையால அழுத்திப் பாருங்க, பாதி நேரம் அதுதான், பின்னாடி நாலு துண்டு ஃபோம் ஒட்டுனா அடங்கிரும். காசு செலவு பண்ணியே ஆகோணும்னு கை அரிச்சா முன் கதவு ரெண்டுக்கும் உள்ள அதிர்வ அடக்கற டேம்பிங் ஷீட் ஒட்டுங்க, டிஎஸ்பியவிட அதுல வர்ற வித்தியாசம் பெருசு.

கடைசியா சப் நின்னு போறது. பூஸ்ட் எறக்கிட்டாலே பாதி சூடு போயிரும். அதுக்கு மேலயும் நின்னா, ஆம்ப் அணைஞ்சிருக்கறப்ப சப் வயர ஆம்ப்ல இருந்து கழட்டி மீட்டர ஓம்ல வெச்சு அளங்க. 4 ஓம் காயில்னா 3.2ல இருந்து 3.7க்குள்ள காட்டும், 1.8 பக்கம் காட்டுனா 2 ஓம். உங்க சப் டபுள் காயில்னா, ரெண்டு 4 ஓம் காயில சமாந்தரமா குடுத்தா 2 ஓம் ஆகும், ரெண்டு 2 ஓம் காயிலக் குடுத்தா 1 ஓம். 2 ஓமுக்குக் கீழ தாங்காத ஆம்ப்புக்கு 1 ஓமக் குடுத்தா அது தன்னக் காப்பாத்திக்க நின்னுரும், சூடு ஆறுனதும் வரும், நீங்க எழுதுன மாதிரியேதான். அளந்தது 2 ஓம்னு வந்தா நான் மேல சொன்ன 31.6 வோல்ட்ட மறந்துருங்க, ஆம்ப் மேல 2 ஓமுக்கு எத்தன வாட்னு போட்டிருக்குதோ அத வெச்சுக் கணக்க மறுபடி போடுங்க. டிக்கியில கார்ப்பெட்டுல அமுங்கிக் கெடக்குதே அந்த ஆம்ப்ப, அத ஒரு பலகை மேல தூக்கி வைங்க, நாலு பக்கமும் காத்துப் போகோணும்.

பேட்டரிகிட்ட பாத்தேன், சிவப்பு வயர்ல ஃப்யூஸ் எதுவும் போட்டோல தெரியல. பேட்டரில இருந்து ஒண்ணரை அடிக்குள்ள ஃப்யூஸ் இருக்கோணும், இல்லாட்டி அந்த வயர் எங்கயாவது பாடில உரசுச்சுன்னா வண்டியே எரியும். மேல சொன்னது எல்லாத்துக்கும் முன்னாடி இத மொதல்ல பாருங்க, ஃப்யூஸ் போடற வரைக்கும் அந்த வயர பேட்டரில இருந்து கழட்டியே வைங்க. போட்டுட்டு அந்தப் போட்டோவையும், சப் பின்னாடி ஒட்டியிருக்கற ஸ்டிக்கரையும், மீட்டர்ல வந்த ஓம் நம்பரையும் அனுப்புங்க, வயர் எப்பிடிக் குடுக்கறதுன்னு படம் வரைஞ்சு அனுப்பறேன்.